நடு வீட்டுக்கு ஒரு கையெழுத்து

விராலிமலை
ஐப்பசி 14, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் சத்யாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் எங்கள் வயசுக்குத் தக்கபடி நன்றாக இருக்கிறோம். அங்கே மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி சுடர்விழியும் எங்களைவிட நன்றாக இருக்க வேண்டும் என்று மலைமேல் இருப்பவனைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அப்பாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் தேய்க்கச் சொன்னால் மாடு கன்றுக்குத் தேய்க்கிற மாதிரி ரெண்டு இழுப்பு இழுத்துவிட்டு வயலுக்குக் கிளம்பிவிடுகிறார். நமக்கு மழை பரவாயில்லை. தெற்குத் தெரு நாகராசு லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை மஸ்கட் கிளம்புகிறானாம், அவனிடம் பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் இந்தக் கடிதமும் கொடுத்துவிடுகிறேன். போனில் பேசாமல் இதென்ன பழைய காலத்துப் பழக்கம் என்று சிரிப்பாய். போனில் நான் ரெண்டு வார்த்தை சொல்வதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதுவும் இல்லாமல் சில விஷயத்தை உன் குரல் கேட்டுக்கொண்டே என்னால் சொல்ல முடியவில்லை. முப்பது வருஷம் சத்துணவுக் கூடத்தில் பதிவேடு எழுதின கை, எழுதினால்தான் எனக்குச் சரியாக வரும்.

போன வாரம் நீ கேட்டாயே, “லைன் வீட்டு மேல இன்னும் மூணு வீடு போடலாம்னு இருக்கேம்மா, தையில வேலைய ஆரம்பிச்சுரலாம், என்னென்ன பாக்கணும்னு சொல்லு, நீதான பாத்துக்கப் போற” என்று. நான் உம் என்று மட்டும் சொன்னேன். நீ அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாய். அது சரி இல்லை, அசதி. இந்த ஆறு வருஷத்தில் மூன்று வீட்டை வாடகைக்கு விட்டு நான் கற்றுக்கொண்டதை எல்லாம் எழுதுகிறேன், பொறுமையாகப் படி, கடைசி வரை படி.

முதலில் ஒன்று, வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம் வாடகை வரும் என்று நினைத்துக் கடன் வாங்காதே. பத்து மாதம் என்று வைத்துக்கொள். ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள், மார்கழியில் மாறமாட்டார்கள், ஆனியில் ஒருத்தர் காலி பண்ணினால் ஆவணி வரை வீடு சும்மாதான் கிடக்கும். அந்த மாதத்தில் வெள்ளையடித்துக்கொள்ள வேண்டியது, வேறு வழியில்லை. ஒரு மாத வாடகையை ரிப்பேருக்கென்று தனியாக வைத்துவிடு, அதை நான் முதல் ரெண்டு வருஷம் செய்யவில்லை, மூன்றாம் வருஷம் செப்டிக் டேங்க் நிறைந்ததும் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அட்வான்ஸ் பணத்தை மட்டும் தொடவே தொடாதே, அது நம்முடையது இல்லை, அவர்கள் நம்மிடம் கொடுத்து வைத்திருப்பது. மாடியில் கட்டுவதென்றால் குளியலறைக்கு மேலே குளியலறை வரும்படி கட்டச் சொல், அழகு பார்த்து இடம் மாற்றினால் கீழ் வீட்டுக்காரி சோறு வடிக்கிற இடத்தில் மேல் வீட்டுத் தண்ணீர் சொட்டும், பிறகு அந்தச் சண்டைக்கு நான்தான் நடுவில் நிற்க வேண்டும். குழாயில் மிச்சம் பிடிக்காதே. வீட்டுக்கு ஒரு கரண்ட் மீட்டர், வீட்டுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி. இப்போது மூன்று வீட்டுக்கும் ஒரே தொட்டி வைத்துவிட்டு நான் படுகிற பாடு உனக்குத் தெரியாது, முன்வீட்டு டீச்சர் துணி துவைக்கிற நாளில் கடைசி வீட்டில் குழாய் காற்று விடும், உடனே என் கதவைத் தட்டுவார்கள். தொட்டி மூடிக்கு ஒரு கல் வைக்கச் சொல், மயில் வந்து உட்கார்ந்து தள்ளிவிடுகிறது. அதற்கும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், மயிலை நான் வளர்க்கிற மாதிரி.

ஆளைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பார்கள். எப்படிப் பார்ப்பது என்று யாரும் சொல்வதில்லை. நான் ஆதார் நகல் வாங்குகிறேன், வேலை பார்க்கிற இடத்துக்கு ஒரு நடை போய் விசாரிக்கிறேன், முன்னால் இருந்த வீட்டுக்காரரிடம் பேசுகிறேன். இதெல்லாம் செய்தும் ஒருத்தன் நாலு பேர் என்று சொல்லிவிட்டுக் கம்பெனிப் பையன்கள் பதினோரு பேரைக் கொண்டுவந்து வைத்தான். சொந்தக்காரருக்கு வீடு கொடுக்காதே, கொடுத்தாலும் பத்திரம் எழுதாமல் கொடுக்காதே, அப்பாவின் அக்கா மகன் எட்டு மாதம் வாடகை தராமல் இருந்துவிட்டு “மாமா வீடுதானே” என்று போன கதையை உன்னிடம் சொன்னேன். வாடகை ஏற்றினால் வருஷா வருஷம் கொஞ்சமாக ஏற்று, மூன்று வருஷம் சும்மா இருந்துவிட்டு ஒரே அடியாக ஏற்றினால் நல்ல ஆட்கள் போய்விடுவார்கள், போக்கிடம் இல்லாதவர்கள் மட்டும் இருப்பார்கள். அப்புறம் ஆணி. ஒரு ஆணிக்காக நான் நடு வீட்டு ராக்காயியோடு ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறேன். சாமி படம் மாட்ட ஆணி அடித்தாள் என்று என்ன பேச்சுப் பேசினேன். அவள் “செவுத்துக்கு வலிக்குமாம்மா” என்று கேட்டுச் சிரித்துவிட்டாள், நானும் சிரித்துவிட்டேன், அப்படித்தான் பேச்சு திரும்ப வந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. வீடு என்று ஒருத்தரிடம் கொடுத்துவிட்டால் நாலு ஆணி அடிக்கத்தான் செய்வார்கள்.

சத்யா, இதெல்லாம் யாரும் சொல்லக்கூடிய விஷயம். நான் சொல்ல வந்தது வேறு. நடு வீட்டில் இருந்தார்களே தங்கமுத்துவும் ராக்காயியும், அவர்கள் தாங்களாகவே ஊருக்குப் போய்விட்டார்கள் என்று ஆவணிக் கடைசியில் உன்னிடம் போனில் சொன்னேன். நீயும் “நல்லதாப் போச்சும்மா” என்றாய். அது பொய். நான் போகச் சொன்னேன்.

தங்கமுத்து முப்பது வருஷம் லாரி ஓட்டினவர், பிறகு இங்கே ஒரு லேத்துப் பட்டறையில் காவலுக்கு இருந்தார். நாலு வருஷம் நம் வீட்டில் இருந்தார்கள், ஒரு மாதம் வாடகை தள்ளிப்போனதில்லை, ஒரு சத்தம் இல்லை. பிள்ளை இல்லாதவர்கள். ஆடியில் அவருக்கு ஈரல் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள், வயிறு மட்டும் வீங்கி, கை கால் குச்சியாகி, புதுக்கோட்டையில் மூன்று வாரம் வைத்துப் பார்த்துவிட்டு, “இனி வீட்லயே வச்சுப் பாத்துக்கங்க” என்று அனுப்பிவிட்டார்கள். ஆவணியில் நடு வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டாள். கடைசி வீட்டு ஷர்லி, அதான் நர்ஸ் வேலை பார்க்கிற பெண், டியூட்டி முடிந்து வந்ததும் ஊசி போட்டு, உடம்பு துடைத்து, தன் அப்பனுக்குச் செய்கிற மாதிரி செய்தாள். முன்வீட்டு டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “சின்னப் புள்ள இருக்குற வீடுங்க, எதாவது ஆச்சுன்னா நாங்க இருக்க மாட்டோம், இப்பவே சொல்லிட்டேன்” என்றாள். அதை நான் உன்னிடம் சொன்னேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன். “பாவந்தாம்மா, நான் இல்லைங்கல. ஆனா அடைப்பு விழுந்துச்சுன்னா ஆறு மாசம் பூட்டி வைக்கணும், பக்கத்து ரெண்டு வீடும் காலியாயிரும், லோனு நான் எப்பிடிக் கட்றது? அவுங்களாப் போற மாதிரி பக்குவமாச் சொல்லிப் பாரேன்” என்றாய். நீ ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை, வெயிலில் வேலை பார்த்துக் கட்டின வீடு, பயம் இருக்கத்தான் செய்யும். உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நீ சொன்னது பாதிதான், மீதி நான் செய்தது.

போனை வைத்ததும் நான் தினசரி காலண்டரை ஆணியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு நட்சத்திரம் பார்த்தேன். அவிட்டம் முதல் ரேவதி வரை ஐந்து நட்சத்திரத்தில் உயிர் போனால் ஆறு மாதம் அடைப்பு என்பதுதானே நம் பக்கத்து வழக்கம். வியாழக்கிழமை அவிட்டம் தொடங்கி திங்கட்கிழமை ரேவதி வரை போட்டிருந்தது. ஒரு மனுசன் உள்ளே மூச்சுக்குத் தவிக்கிறான், நான் வெளியே உட்கார்ந்து அவன் எந்தக் கிழமை போவான் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன். அப்போது அது தப்பாகவே தெரியவில்லை சத்யா. பள்ளிக்கூடத்தில் முட்டை எண்ணின மாதிரி எண்ணினேன்.

செவ்வாய்க்கிழமை ராக்காயியைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டேன். ஊரில் வைத்துப் பத்து நாள் பார்த்தால் காற்று மாறித் தேறுவார், சொந்தபந்தம் நாலு பேர் பார்க்க வசதியாக இருக்கும், இந்த மாத வாடகை வேண்டாம், வீடு உன்னுடையதுதான், எங்கேயும் போகாது என்று ரொம்பப் பக்குவமாகச் சொன்னேன். அவள் அழவில்லை, எதிர்த்துப் பேசவில்லை. “எந்தக் கெழமைக்குள்ளம்மா?” என்று கேட்டாள். அவளே, “புதன்கெழமை கெளம்பிர்றோம்” என்றாள். அவளுக்கும் காலண்டர் இருக்கிறதே.

புதன்கிழமை சாயந்திரம் ஒரு குட்டியானை வண்டி வந்தது. மெத்தையை விரித்து அவரைத் தூக்கி வைத்தார்கள். அப்பா அன்றைக்கு வயலிலிருந்து வரவே இல்லை, தெரிந்துதான் வரவில்லை என்று நினைக்கிறேன். நான் பிளாஸ்கில் வெந்நீர் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ராக்காயி பூட்டிய சாவியை முந்தானையில் முடியப் போனாள். அவர் வண்டிக்குள் படுத்தபடியே, “சாவிய அம்மாட்டக் குடுத்துரு ராக்காயி” என்றார். பத்து நாளில் வரப்போகிறீர்களே, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். சாவியைத்தான் வாங்கிக்கொண்டேன். வல்லத்திராக்கோட்டைக்கு அந்த வண்டியில் ஒன்றரை மணி நேரம், வழியெல்லாம் குழி. அங்கே இருப்பது அவர் தம்பி வீடு, பக்கத்தில் ஒரு ஓட்டுச்சார்ப்பு, அதில்தான் கட்டில். நம் வீட்டில் ஃபேனாவது இருந்தது.

ஐந்து நாளும் போனது. ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறமும் ஒரு வாரம் போனது. கூட்டிக்கொண்டு வரச் சொல்லுவோமா என்று ஒரு நாள் அப்பா கேட்டார், எனக்கு இன்னும் முடிந்தபாடில்லையே என்றுதான் மனதுக்குள் ஓடியது, அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. பதினெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை போய்விட்டார். பஸ் ஏறிப் போய்த் துக்கம் கேட்டேன். பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு கிழவி, “அஸ்தத்துல போயிருக்காரு, தோசம் ஒண்ணும் இல்ல, புண்ணியவான்” என்று சொன்னாள். அஸ்தத்துக்கு அடைப்பே கிடையாது. நம் வீட்டிலேயே இருந்து போயிருந்தாலும் ஒரு நாள்கூடக் கதவைப் பூட்ட வேண்டியிருக்காது. பதினெட்டு நாள் அந்த மனுசனை ஓட்டுக்குக் கீழே வேகவைத்ததுதான் மிச்சம். ஆனால் இன்னொன்றும் யோசித்தேன். சதயத்தில் போயிருந்தால் மட்டும் நான் செய்தது சரியாகிவிடுமா? ஆகாது. அஸ்தம் என்பதால் எனக்கு அது தெரிந்தது, அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இந்த ஐப்பசி ஐந்தாம் தேதி ராக்காயி சாமான் எடுக்க வந்தாள். வந்தவள் முதலில் வீட்டைப் பெருக்கிக் கழுவிவிட்டாள். நான் காபி போட்டுக் கொடுத்தேன், குடித்தாள். அவளாகவே சொன்னாள், “கடைசி நாலு நாளு வீட்டுக்குப் போவோம், வீட்டுக்குப் போவோம்னே இருந்தாக. வீட்லதான இருக்கோம்னேன். இங்கிட்டு இல்லடி, ராவுல படுத்தா லாரி போற சத்தம் கேக்குமுல்ல, அந்த வீட்டுக்குன்னாக.” அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அவருடைய ஆசையை யாரிடமாவது சொல்ல வேண்டும், எதிரே நான் இருந்தேன், சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். நீ இங்கேயே இரு ராக்காயி, வாடகை பற்றி யோசிக்காதே, உனக்கு லேத்துப் பட்டறையில் பெருக்குகிற வேலைக்கு நான் கேட்கிறேன் என்றேன். மெய்யாகத்தான் சொன்னேன். அவள் கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள். “வேணாம்மா. எனக்கும் ஒரு நாளு வருமுல்ல. அன்னைக்கி மறுபடி எங்கிட்டுப் போறது” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் சாமானை முழுதாக எடுக்கவில்லை. கட்டிலும் பீரோவும் இருக்கிறது, வண்டி வைத்து ஆள் அனுப்புகிறேன் என்று போயிருக்கிறாள், இன்னும் அனுப்பவில்லை. நடு வீட்டுக்கு ஏன் ஆள் வரவில்லை என்று நீ கேட்டபோதெல்லாம் வெள்ளையடிக்க வேண்டும், மழை என்று சொன்னேன். அதுவும் பொய். ரெண்டு பேர் வந்து பார்த்தார்கள், காலி இல்லை என்று அனுப்பிவிட்டேன். அடைப்பே இல்லாத வீட்டை நான் அடைத்து வைத்திருக்கிறேன். ஷர்லி முன்பெல்லாம் டியூட்டிக்குப் போகும்போது வாசலில் நின்று ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவாள். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு ஒன்றாம் தேதியானால் போனில் வாடகை வந்துவிடுகிறது, அவள் வருவதில்லை. டீச்சர் மட்டும் சந்தோஷமாக இருக்கிறாள், அவள் பேச வந்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது.

இப்போது நான் என்ன செய்திருக்கிறேன் என்று சொல்கிறேன். திங்கட்கிழமை பத்திரம் எழுதுகிறவரிடம் போய் ராக்காயி பெயருக்கு நடு வீட்டு வாடகை ஒப்பந்தம் எழுதச் சொன்னேன். பழைய வாடகைதான் போட்டிருக்கிறேன், சும்மா கொடுத்தால் அவள் வரமாட்டாள். பதினொரு மாதம் முடிந்தால் அவள் வேண்டாம் என்று சொல்கிறவரை புதுப்பிக்க வேண்டும் என்று எழுதச் சொன்னேன். அதற்குக் கீழே இதையும் எழுதச் சொன்னேன்: குடியிருப்பவருக்கு நோய் முற்றினாலும், உயிர் பிரிய நேர்ந்தாலும், அது எந்த நாளாக எந்த நட்சத்திரமாக இருந்தாலும், அந்தக் காரணத்துக்காக வீட்டைக் காலி செய்யும்படி உரிமையாளர் கேட்கக் கூடாது, காரியங்களை அந்த வீட்டிலிருந்தே நடத்திக்கொள்ளலாம். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இப்பிடி ஒரு வரி நான் எழுதுனதே இல்லையேம்மா, வீட்டுக்காரவுகளே இதுக்குச் சம்மதிப்பாங்களா” என்று கேட்டார். எழுதுங்க, என் மகளிடம் நான் கேட்டுக்கொள்கிறேன் என்று சொன்னேன். வீடு உன் பெயரில் இருக்கிறது, என் கையெழுத்து செல்லாது. ரெண்டு பிரதியையும் இந்தக் கடிதத்தோடு நாகராசுவிடம் கொடுத்துவிடுகிறேன்.

டீச்சர் காலி பண்ணினாலும் பண்ணுவாள். அப்படியானால் என் பென்ஷனிலிருந்து ரெண்டு மாதத்துக்கு நான் தருகிறேன், கொஞ்சம்தான் வரும், இருந்தாலும் தருகிறேன். நீ கையெழுத்துப் போட மனமில்லை என்றால் எனக்குக் கோபம் வராது ஆத்தா, கடன் கட்டுகிறவள் நீ. ஆனால் மூன்று சாவியையும் வேறு யாரிடமாவது கொடுத்துக்கொள், மாடி வீட்டுச் சாவியும் சேர்த்து. இன்னொரு தடவை ஒருத்தியைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டுப் பக்குவமாகப் பேச என்னால் ஆகாது. மாடி கட்டுவதைப் பற்றி நீ கேட்டதற்கு என் பதில் இதுதான், வேறு யோசனை என்னிடம் இல்லை.

மாப்பிள்ளையிடமும் இதைப் படித்துக் காட்டு, மறைக்காதே. சுடர்விழிக்குப் பல் முளைக்கும்போது வயிற்றால் போகும், பயப்படாதே, இளநீர் கிடைத்தால் கொடு. நார்த்தங்காயை ஈரக்கையோடு எடுக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு, முதுகுவலிக்கு டாக்டரைப் பார். உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வராமல், நோய்நொடி அண்டாமல், எங்கே இருந்தாலும் பயமில்லாமல் படுத்துத் தூங்கும்படி முருகன் வைத்திருக்கட்டும்.

கையெழுத்து ரெண்டு பிரதியிலும் வேண்டும், நாகராசுவின் கூட்டாளி ஒருவன் கார்த்திகைக்கு ஊருக்கு வருகிறானாம், அவனிடம் கொடுத்துவிடு. வந்ததும் நானே எடுத்துக்கொண்டு வல்லத்திராக்கோட்டைக்குப் போகிறேன். பேங்கில் கிறுக்குகிற மாதிரி இங்கிலீஷில் கிறுக்காதே, உன் பெயரைத் தமிழில் பெரிதாக, தெளிவாக எழுது. ராக்காயிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், விரல் வைத்துப் படிப்பாள்.

இப்படிக்கு
உன் அம்மா
சி. அமிர்தவல்லி